இலை கொட்டும் மாதமும் எங்கள் கொல்லையும்

காலையில் பின்வாசல் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ரப்பர் மரங்கள்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஓர் இலை கிடையாது, குச்சி குச்சியாக நின்றன, பகலில் வெயில் நேராகத் தரைக்கு இறங்கியது. இன்று பார்த்தால் கிளை நுனியெல்லாம் செம்பு நிறத்தில் கொழுந்து, மூன்று மூன்றாகச் சேர்ந்து, பிழிந்து காயப் போட்ட துணி மாதிரி துவண்டு தொங்குகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கொழுந்து விட்டிருச்சா? அப்ப வெண்டை விதைய ஊறப் போடு" என்று சொல்லிவிட்டுக் கோப்பி கலக்கப் போய்விட்டார்.

மலேசியாவில் வசந்த காலம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் ரப்பர் மரத்தடியில் வளர்ந்தவர்களுக்கு வசந்தம் எப்படி இருக்கும் என்று தெரியும். தைப்பூசத்துக்குக் காவடி பார்த்துவிட்டுத் திரும்பும் சமயத்தில் மரத்தில் இலை பழுக்க ஆரம்பிக்கும், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மலைச்சரிவே நிறம் மாறும், மாசி முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும், நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அப்புறம் பங்குனியில் துளிர்க்கும். எனக்கு அதுதான் வசந்தம், ஷா ஆலம் நகரத்தில் இருபத்தெட்டு வருஷம் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் ஏங்கியதும் இதற்குத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்று, பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டேன். டவுனுக்கு வெளியே, சின்ன ரோட்டில், பாதி கல் சுவரும் பாதி பலகையுமான பழைய வீடு, மேலே தகரக் கூரை. அப்பா தன் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கியது. அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அம்மாவும் நானும், இரண்டு பூனைகளும். பின்னால் இருக்கிற நிலம் ஒரு பூப்பந்து மைதானத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அதில்தான் எங்கள் கொல்லை.

கொல்லை என்றுதான் நாங்கள் சொல்வோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தோழி, "உங்க தோட்டம் ரொம்ப அழகா இருக்கு" என்றபோது அம்மாவுக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. "தோட்டத்த வித்து எத்தன வருஷமாச்சு" என்று பதில் சொன்னார். எங்களுக்குத் தோட்டம் என்றால் எஸ்டேட். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்க, மணி அடிக்கிற இடம், வேலை வாங்கும் கங்காணியும் கணக்கு எழுதும் கிராணியும் நிர்வாகியான துரையும் இருக்கிற இடம், ஆயிரக்கணக்கான ஏக்கர், அதில் ஒரு மரம்கூட நமக்குச் சொந்தம் இல்லை. லயத்து வீட்டுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்குப் பின்னால், சாக்கடைக்கும் மண்பாதைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்குமே, முருங்கையும் வாழையும் கறிவேப்பிலையும் நிற்குமே, அதற்குப் பெயர் கொல்லை. அந்த இடமும் காகிதத்தில் நம்முடையது இல்லைதான். ஆனாலும் அங்கே என்ன நடலாம் எதைப் பறிக்கலாம் என்று யாரும் வந்து சொன்னதில்லை.

இலை கொட்டுகிற மாதத்துக்கும் கொல்லைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சின்ன வயசில் யோசித்தது கிடையாது. போன வருஷம்தான் அம்மா உட்கார்ந்து சொன்னார். மரம் இலையை உதிர்த்துப் புது இலை விடும்போது அதன் சத்தெல்லாம் அந்தக் கொழுந்துக்கே போய்விடும், பால் குறைந்துவிடும். விடியற்காலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதே நிரையை, அதாவது மர வரிசையை, பட்டை கீறிப் பால் வெட்டினாலும், ஒன்பது மணிக்குப் பால் வடியும் கிண்ணமான மங்கில் பார்த்தால் அடியில் கொஞ்சம்தான் இருக்கும். பால் குறைந்தால் கைக்கு வரும் காசும் குறையும். அந்த இரண்டு மூன்று மாதம் கடைக்காரரிடம் கணக்கு ஏறும். "அதனாலதான் பொங்கல் முடிஞ்ச கையோட எல்லா வீட்டுலயும் மண்ணக் கொத்துவாங்க. கீரையும் கத்தரியும் காய்ச்சாத்தான் குழம்பு" என்றார். நான் என் சிறு வயதில் பங்குனி மாதத்தை நினைத்தால் ஞாபகம் வருவது முருங்கைக்கீரையும் பாகற்காயும்தான். அது அம்மாவுக்குப் பிடித்த சமையல் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா பயன்படுத்திய பால் மங்குகள் சில இன்னும் எங்களிடம் இருக்கின்றன, வெளியே பழுப்பு, உள்ளே பளபளவென்று மெருகு போட்ட கனமான மண் கிண்ணங்கள். தோட்டத்தை மூடும்போது ஸ்டோருக்குப் பின்னால் குவித்துப் போட்டிருந்ததில் அப்பா பொறுக்கிக்கொண்டு வந்தவை. இப்போது அவற்றில்தான் நாற்று விடுகிறோம். அடியில் ஓட்டை இல்லாததால் தண்ணீரைப் பார்த்து ஊற்றவேண்டும், இரண்டு விரல் உயரத்துக்குச் சின்னக் கூழாங்கல் போட்டு அதன் மேல் மண் போட்டால் போதும். கத்தரி நாற்று அதில் நன்றாக வருகிறது. காலியாக இருப்பதை எல்லாம் கவிழ்த்தே வைப்பார் அம்மா. நாள் கணக்கில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வந்து முட்டை போடும், டெங்கி இந்த வட்டாரத்துக்குப் புதிது இல்லை.

மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். ஈப்போவிலிருந்து இங்கே வரும் வழியில் எங்கே பார்த்தாலும் சுண்ணாம்புக் குன்றுகள், வெள்ளைப் பாறையும் தலையில் காடுமாக நிற்கும், ஆனால் எங்கள் கொல்லை மண்ணோ புளிப்பு மண், அதாவது அமிலம் கூடிய மண். முதல் வருஷம் நட்ட வெண்டை முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது, இலை வெளிறிப் போனது. உரம் பற்றவில்லை என்று நினைத்து மேலும் மேலும் கோழி எருவைக் கொட்டினேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. பிறகு சோதனைத் தாள் வாங்கி மண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் அமில அளவை (pH) நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் காட்டியது. நம் நாட்டில் வருஷம் முழுக்கப் பெய்யும் மழை மண்ணிலிருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது, அதனால் மண் புளித்துவிடும், புளித்த மண்ணில் எரு போட்டாலும் செடி அதை எடுத்துக்கொள்ளத் தடுமாறும். ரப்பருக்கும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைக்கும் இந்த மண் பரவாயில்லை. வெண்டைக்கும் பயற்றுக்கும் ஆகாது.

இப்போது வழக்கம் என்னவென்றால் இலை கொட்டத் தொடங்கும்போதே பாத்திகளில் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கொத்திவிடுவேன். எருவையும் அதையும் ஒரே நாளில் போடக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் எருவில் இருக்கும் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். மூன்று வாரம் இடைவெளி விட்டுத்தான் எரு. அந்த மூன்று வாரமும் மண் சும்மா கிடப்பதைப் பார்க்க அம்மாவுக்குப் பொறுக்காது, ஓரத்தில் போய் ரகசியமாக ஒரு கைப்பிடி கீரை விதையைத் தூவிவிட்டு வந்துவிடுவார். அதுவும் முளைத்துவிடும்.

இன்னொரு வேலை இலை வாருவது. வேலிக்கு அந்தப் பக்கத்து மரங்கள் ஒரு மலாய்க்காரப் பெரியவருடையவை, நான்கைந்து ஏக்கர் இருக்கும், அவரே பால் வெட்டுகிறார். நான் அவரைப் பாக்சிக் என்பேன், அவர் மனைவியை மாக்சிக் என்பேன், மலாயில் மாமா, அத்தை என்கிற மாதிரி, அவர்கள் என் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாசி மாதம் அவரிடம் கேட்டுவிட்டு அரிசிச் சாக்கில் இலையை வாரிக்கொண்டு வருவேன், இந்த வருஷம் இருபத்திரண்டு சாக்கு. ரப்பர் இலை கொஞ்சம் தடிப்பு, அப்படியே போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் மாதிரி ஆகிவிடும், உள்ளே காற்றுப் போகாது. பாராங் கத்தியால் நறுக்கி, ஓர் அடுக்கு இலை, ஓர் அடுக்கு மாட்டுச்சாணம், நடுநடுவே வாழைத்தண்டுத் துண்டுகள் என்று அடுக்கி, பத்து நாளைக்கு ஒரு தடவை புரட்டிவிட்டால் நாலு மாதத்தில் கருப்பாக, உதிரியாக, மழைக்குப் பிறகு காட்டுக்குள் வரும் வாசனையோடு எரு கிடைத்துவிடும். இரண்டாம் நாள் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் சுடும். சிலர் இலையைக் கூட்டிக் கொளுத்திவிடுகிறார்கள். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்திருக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், காய்ந்த மாசியில் அந்தப் புகை அம்மாவின் நெஞ்சுக்கு ஆகவே ஆகாது. எனக்கு அதைவிட, இத்தனை நல்ல பொருளை நெருப்பில் போடுகிறார்களே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

கொழுந்து விட்ட பிறகு பாக்சிக் தினமும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார். இந்த நேரத்தில் விடாமல் தூறலும் பனியும் சேர்ந்தால் கொழுந்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து, புது இலையும் கொட்டிவிடும், மரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். தோட்டத்தில் அந்தக் காலத்தில் கந்தகத் தூள் அடிப்பார்கள் என்று அம்மா சொல்கிறார். இந்த வருஷம் பரவாயில்லை, வெயில் நன்றாக அடித்தது. தேனீயும் வந்துவிட்டது. ரப்பரில் தேனீக்கு என்ன வேலை, இன்னும் பூக்கவே இல்லையே என்று எனக்குச் சந்தேகம். தாழ்ந்த கிளை ஒன்றை இழுத்துப் பாக்சிக் காட்டினார். இலைக்காம்பின் முனையில், மூன்று இலையும் சேரும் இடத்தில், கடுகைவிடச் சின்னதாக மேடு மேடாகச் சுரப்பிகள் இருக்கின்றன. அதில் பளிச்சென்று ஒரு துளி நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், இனிப்பு. ஐம்பத்தெட்டு வயதில், ரப்பர் தோட்டத்தில் பிறந்த நான், முதல் தடவையாக அதைத் தெரிந்துகொண்டேன்.

இந்த மரத்தின் கதையில் எங்கள் பக்கத்து ஊருக்கும் ஓர் இடம் உண்டு. அமேசான் காட்டு மரம் இது. 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார், அதில் முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் ஒன்பதை ஹியூ லோ என்ற, பேராக்கின் பிரிட்டிஷ் அதிகாரியான ரெசிடெண்ட் கோலாகங்சாரில் நட்டார். அதில் ஒன்று இன்னும் நிற்கிறது. இங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது, போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றிலும் வேலி, பெயர்ப்பலகை, அடிமரம் கரடுமுரடாகத் தடித்துப் போயிருந்தது. அம்மா வேலி ஓரமாகவே நின்று, மரத்தை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். "இதத்தான் எங்க அம்மாவும் அப்பாவும் கப்பலேறி வந்து வெட்டுனாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பட்டை நல்லா இருக்கு, வெட்டலாம்" என்றும் சொன்னார்.

எங்கள் தோட்டம் இன்று இல்லை. முதலில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தார்கள், பிறகு ஒரு பகுதியை வீடமைப்புக்கு விற்றார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது கொடுத்த பணம் எங்கள் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கவும் இரண்டு மாத வாடகைக்கும் சரியாக இருந்தது, அவ்வளவுதான். யார் எவர் என்று எழுதி இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை. அம்மா அழுதது வீட்டுக்காக இல்லை. பின்னால் நின்ற முருங்கைக்காக. அதில் கை தடிமனில் ஒரு போத்தை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, லாரியில் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இன்று கொல்லையின் தென்கோடியில் நிற்பது அதுதான்.

இந்த ஊரில் இருந்துகொண்டு, மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் சம்பந்தனை நினைக்காமல் இருக்க முடியாது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கவும், வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்கவும் தொடங்கியபோது, தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர், சுங்கை சிப்புட்காரர். தாத்தாவும் பங்கு வாங்கினாராம். வீட்டுக்கு வந்து, "நமக்கும் தோட்டத்துல பங்கு இருக்கு" என்று ஆயாவிடம் சொன்னதை அம்மா இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார்.

சரி, பாகற்காய்க்கு வருவோம். இந்தப் பருவத்தில் என் நேரத்தில் பாதியைத் தின்பது அதுதான். பிஞ்சு சுண்டுவிரல் நீளம் வந்த உடனே பழ ஈ தேடி வந்து தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், நாலைந்து நாளில் காய் கோணி, மஞ்சளாகி, உள்ளே புழு. மருந்து அடிக்க எனக்கு மனசு இல்லை. அதனால் ஒவ்வொரு பிஞ்சுக்கும் காகிதக் கூம்பு. செய்தித்தாளை இரண்டாக மடித்துக் கடலை வாங்கும் பொட்டலம் மாதிரி நீளமாகச் சுருட்டி, கவிழ்த்துப் பிடித்து, பிஞ்சை உள்ளே விட்டு, காம்புப் பக்கம் இறுக்கி ஒரு பின் அடிக்கவேண்டும், கீழ்ப்பக்கம் கொஞ்சம் திறந்தே இருக்கலாம், காற்றும் போகும், மழைத்தண்ணீரும் வடியும். ஒற்றைத் தாளில் சுற்றினால் ஒரே மழையில் கூழாகிவிடும். பூ காய்ந்து விழுவதற்கு முன்பே சுற்றினால் மகரந்தம் சேராமல் பிஞ்சே வெம்பிப் போகும், ஒரு நாள் பிந்தினால் ஈ முந்திக்கொள்ளும். தினமும் காலையில் ஏணி போட்டுப் பந்தலைத் துருவிப் பார்த்தால்தான் நடக்கும்.

சுற்றுவதற்கு அம்மா சேர்த்து வைத்த பழைய தமிழ் நேசன் கட்டு இருக்கிறது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை, அப்பா ஒரு நாள் தவறாமல் வாங்கியது. முதலில் அதைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. அம்மாதான், "கரையான் தின்னுறதுக்கு பாவக்கா திங்கட்டும்" என்று ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். இப்போது பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தலைகீழாகத் தலைப்புச் செய்திகள், யாருடையதோ பூப்புனித நீராட்டு விழா வாழ்த்து, ரப்பர் விலை. நான் ஒவ்வொன்றையும் சுற்றுவதற்கு முன்னால் படித்துவிடுகிறேன், அதனால்தான் பத்துக் காய்க்கு ஒரு மணி நேரம் ஆகிறது. மரண அறிவிப்புப் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து அலமாரியில் வைத்துவிடுவேன்.

பத்து மணிக்கு ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹார்ன் அடித்துக்கொண்டு வருவார், அம்மாவுக்குக் காயா பன் ஒன்று. மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியாத வெயில், இருவரும் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே பாய் விரித்துப் படுப்போம், அம்மா சீரியல் பார்த்துக்கொண்டே தூங்குவார், நான் தூங்காமல் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நாலு மணி வாக்கில் குன்றுப் பக்கம் இருட்டும். இந்த வாரம்தான் சாயங்கால மழை திரும்பியிருக்கிறது, இடியோடு. தகரக் கூரையில் மழை விழும்போது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் ஊர் திரும்பினேன் என்று சொல்லலாம்.

மாக்சிக் வீட்டு டுரியானும் பூத்துவிட்டது. சாயங்காலம் விரியும் பூ அது, ராத்திரி வௌவால் வந்து போகும், காலையில் மரத்தடி முழுக்க வெளிர்மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். மாக்சிக் கூட்டிப் பெருக்காமல் அப்படியே விட்டுவைப்பார், நான் போய்ப் பார்க்கவேண்டும் என்பதற்காக. முந்தாநாள் ஒரு கிண்ணம் நிறையப் பொறுக்கி சம்பல் போட்டுக் கிளறிக் கொடுத்தார். பதிலுக்கு நான் முருங்கைக்கீரையும், பந்தலில் முதலில் முற்றிய மூன்று பாகற்காயும் கொண்டுபோனேன். கூம்பைப் பிரிக்காமல் அப்படியே கொடுத்தேன், அவரே பிரித்துப் பார்த்து, ஒரு புள்ளி இல்லாமல் வெளிர்பச்சையில் காய் வெளியே வந்ததும் கையைத் தட்டினார்.

பாக்சிக்குக்கு எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் சிங்கப்பூரில். இந்த மரங்களுக்கு வயதாகிவிட்டது, வெட்டிவிட்டு வேறு ஏதாவது வைக்கலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். அவர் எங்களிடம் சொன்னது அவ்வளவுதான், நாங்களும் மேலே கேட்கவில்லை. அம்மா மட்டும் ராத்திரி சாப்பிடும்போது, "அந்த மரம் போனா நமக்கு எல ஏது" என்றார். எருக்குழிக்கு இலையா, பின்வாசலில் பார்க்கிற இலையா என்று நான் கேட்கவில்லை.

இன்று சாயங்காலம் மழை விட்ட பிறகு வேலி ஓரத்தில் டக் டக் என்று சத்தம் கேட்டது. பாக்சிக் நிரையில் ஒவ்வொரு மரமாகப் போய், கம்பி வளையத்தில் கவிழ்த்து வைத்திருந்த மங்குகளைத் தட்டி, உள்ளே இருந்த எறும்பையும் காய்ந்த இலையையும் உதறி, நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். இலை முற்றட்டும், அடுத்த வாரம் வெட்ட ஆரம்பிக்கிறேன் என்று குரல் கொடுத்தார். அம்மா வெண்டை விதையைத் துணியில் முடிந்து தண்ணீரில் போட்டுவிட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்து, அவர் எத்தனை மரம் முடித்தார் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.